கோட்டைக் கழற்றுங்கள், கதை ஓடும்

ஏற்காட்டில் எடுக்கப்போகும் குறும்படத்தில் உங்கள் உளவாளி கோட்டு, கூலிங் கிளாஸோடு வந்தால் நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி 1966-லேயே நடிகர் ஜெய்சங்கரை உளவாளியாக்கிவிட்டது. அன்றைக்கு அந்தக் கோட்டு எடுபட்டது. இன்றைக்கு ஏற்காடு பஸ்ஸில் அதைப் போட்டு ஏறினால் கண்டக்டரே திரும்பிப் பார்ப்பார். ஊர் கண்ணில் படுகிறவன் என்ன உளவாளி?

மிளகு வாங்க வந்த வியாபாரி மாதிரி வரட்டும். கசங்கிய அரைக்கைச் சட்டை, மேலே பழைய ஸ்வெட்டர். சரியான சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்குகிறான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருமுறைகூடப் பின்னால் திரும்புவதில்லை. டிரைவர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பின்சீட்டு ஆளைப் பார்த்துக்கொண்டே தட்டுவடை செட் சாப்பிடுகிறான். கை நிதானமாக இருக்கிறது, மெல்லுவது மட்டும் நின்றுவிடுகிறது. இந்த ஒரு ஷாட் போதும்.

அப்புறம் சண்டை. பத்து பேரை அடிக்க வேண்டாம், ஒருவனிடமே மூச்சு வாங்கட்டும். முழங்கைச் சிராய்ப்பு அடுத்த காட்சியிலும் இருக்க வேண்டும். மேக்கப் போடுகிறவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான்.