கேள்வி – பதில்: கிருமிக்கு நிறம் தெரியுமா?

கேள்வி: கொரோனா முதல் அலையின்போது அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மிக அதிகமாக இறந்ததாகச் செய்தித்தாள்களில் படித்தேன். அண்மையில் பார்த்த ஓர் அட்டவணையிலோ, இறந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்றும், மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கும் இறப்பில் அவர்களுடைய பங்கும் ஏறக்குறைய ஒன்றே என்றும் இருந்தது. எதை நம்புவது? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்)

பதில்: நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. அந்த அட்டவணை சொல்லாமல் விட்டது வயதை. அமெரிக்க வெள்ளையினத்தவரை வயது வரிசையில் நிறுத்தி நடுவே ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு 44 வயதை ஒட்டி விழும். ஹிஸ்பானியர் எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை அப்படி நிறுத்தினால் 30 வயதருகே விழும். கொரோனாவோ முதியவர்களையே பெரிதும் காவு வாங்கிய நோய். 85 வயதைக் கடந்தவருக்கு இருந்த மரண அபாயம், இருபதுகளில் இருப்பவருக்கு இருந்ததைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அப்படியிருக்க, இளைஞர் நிறைந்த ஒரு சமூகமும் முதியோர் நிறைந்த ஒரு சமூகமும் சம விகிதத்தில் உயிர்களை இழந்தன என்றால், முதல் சமூகத்தில் ஏதோ பெரும் கோளாறு நடந்திருக்கிறது என்றுதான் பொருள். வயதைச் சமன்செய்து, அதாவது ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள் ஆகியோரின் இறப்பு விகிதம் வெள்ளையினத்தவருடையதைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கும் அதற்கு மேலுமாக இருந்தது.

வங்கியில் இருந்தவர் என்பதால் இன்னொரு கணக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் சராசரி ஆயுள், வயதுக் கலப்பால் ஏமாறாத அளவுகோல். 2019க்கும் 2020க்கும் இடையே அது அமெரிக்க வெள்ளையினத்தவரிடம் 78.8 ஆண்டிலிருந்து 77.4 ஆகக் குறைந்தது. கறுப்பினத்தவரிடம் 74.8 ஆக இருந்தது 71.5 ஆயிற்று. ஹிஸ்பானியரிடம் 81.9 ஆக இருந்தது 77.9 ஆயிற்று. பூர்வகுடிகளிடம் 71.8 ஆக இருந்தது 67.1க்கு இறங்கி, அடுத்த ஆண்டில் 65ஐ ஒட்டி வந்து நின்றது. இந்தச் சரிவு முழுவதும் கொரோனாவால் மட்டுமே நேர்ந்தது என்று சொல்ல முடியாது; ஆனால் அதில் பெரும்பங்கு அதனுடையதே.

நீங்கள் செய்தித்தாளில் படித்தது சிகாகோ நகரத்தைப் பற்றியதாக இருக்கக்கூடும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே வெளியான கணக்கின்படி, நகர மக்களில் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், இறந்தவர்களில் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தார்கள். வயதைச் சமன்செய்யத் தேவையே இல்லாதபடி உரக்கப் பேசிய எண் அது.

கேள்வி: இதற்கு உடற்கூறுதான் காரணம் என்று ஏன் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்? கொரோனாவைத் தீவிரமாக்கும் ஒரு மரபணுப் பகுதி, அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்களே! (உயிரியல் ஆசிரியை ஒருவர்)

பதில்: அந்தக் கண்டுபிடிப்பு உண்மையானது. மூன்றாம் குரோமோசோமில் உள்ள அந்தப் பகுதியைப் பற்றி மரபணு ஆய்வாளர்களான ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ ஸெபெர்கும் 2020இல் எழுதினார்கள். அதைச் சுமப்பவர்களுக்கு மூச்சுத் திணறி மோசமடையும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உறுதியாகியிருக்கிறது. தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அது உண்டு. ஐரோப்பியரில் ஆறில் ஒருவரிடம் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமோ அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உடற்கூறுதான் காரணம் என்று வாதிடுபவர்கள் அவசரத்தில் தாண்டிப்போகும் இடம் இதுதான். அந்த மரபணுப் பகுதி இறப்பைத் தீர்மானித்திருந்தால், சிகாகோவிலும் லண்டனிலும் கறுப்பினத்தவர் வெள்ளையினத்தவரையும் தெற்காசியரையும்விடக் குறைவாக இறந்திருக்க வேண்டும்.

பிரிட்டனைப் பாருங்கள். முதல் அலையில் வயதைச் சமன்செய்த பின் கறுப்பினத்தவரின் மரண அபாயம் வெள்ளையினத்தவருடையதைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல் என்று அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதம் அறிவித்தது. வசிக்கும் பகுதி, வறுமை, வீட்டு நெருக்கம், உடல்நிலை ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது நான்கு மடங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கியது. சில மாதங்கள் கழித்து வந்த இரண்டாம் அலையில் படமே மாறிவிட்டது. கறுப்பினத்தவரின் கூடுதல் அபாயம் பெருமளவு வடிந்தது. வங்கதேச வம்சாவளி ஆண்களின் அபாயமோ ஐந்து மடங்காக ஏறியது. ஒரே துணைக்கண்டத்து மரபணுக்களைப் பெரிதும் பகிர்ந்துகொள்ளும் இந்திய வம்சாவளியினரிடம் அந்த அளவு ஏற்றம் இல்லை. ஆறே மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. வங்கதேச வம்சாவளியினரின் இழப்பில் மூன்றாம் குரோமோசோமுக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அது மொத்தக் கதையையும் விளக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொரு சான்று, என்னளவில் எல்லாவற்றிலும் வலுவானது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து வருகிறது. அங்குள்ள ஆக்ஸ்னர் மருத்துவக் குழுமம் தன்னிடம் வந்த 3,481 கொரோனா நோயாளிகளின் விவரங்களை 2020இல் வெளியிட்டது. அதன் வழக்கமான நோயாளிகளில் கறுப்பினத்தவர் 31 சதவீதம். படுக்கையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளிலோ அவர்கள் 76.9 சதவீதம், இறந்தவர்களில் 70.6 சதவீதம். எண்களை மறுபடி பாருங்கள். படுக்கைக்கு வந்தவர்களில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட இறந்தவர்களில் இருந்த பங்கு கூடவில்லை. சேரும்போதிருந்த உடல்நிலையையும் பிறவற்றையும் சமன்செய்து பார்த்தபோது, மருத்துவமனைக்குள் கறுப்பினத்தவர் வெள்ளையினத்தவரைவிட அதிகமாக இறக்கவில்லை என்றே தெரிந்தது. அதாவது, வேறுபாடு மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே உண்டாகிவிட்டது.

கேள்வி: அப்படியானால் வாசலுக்கு வெளியே என்னதான் நடந்தது? கிருமி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லையே? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: கிருமி தேர்ந்தெடுப்பதில்லைதான். அதன் எதிரே யார் நின்றாக வேண்டும் என்பதை மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெருந்தொற்றுக்குச் சற்று முன் எடுக்கப்பட்ட அமெரிக்க அரசுக் கணக்கெடுப்பின்படி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள் வெள்ளையினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம், கறுப்பினத்தவரில் 20 சதவீதம், ஹிஸ்பானியரில் 16 சதவீதம். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் சொல்லப்பட்டது. பேருந்து ஓட்டுபவரும் கிடங்கில் பெட்டி தூக்குபவரும் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுபவரும் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

இறைச்சித் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் பட்டையின் இருபுறமும் தோளோடு தோள் இடிக்க நின்று எலும்பிலிருந்து கறியை அறுத்தெடுக்கும் வேலை அது. இறைச்சி கெடாதிருக்கக் கூடம் குளிரூட்டப்பட்டிருக்கும். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கும் கத்த வேண்டும். குளிர், நெருக்கம், கத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்த அறையைவிட இந்தக் கிருமிக்குத் தோதான இடம் கிடையாது. 2020 ஏப்ரல் 28 அன்று, இந்த ஆலைகள் மூடப்படக் கூடாது என்னும் நோக்கில் அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்தார். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கையில், 23 மாநிலங்களின் 239 ஆலைகளில் 16,233 தொழிலாளர்களுக்குத் தொற்றும் 86 இறப்புகளும் பதிவாகியிருந்தன. இனம் பதிவுசெய்யப்பட்டிருந்த நோயாளிகளில் 87 சதவீதத்தினர் சிறுபான்மை இனத்தவர்.

வீடும் அப்படித்தான். அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நவஹோ பூர்வகுடிகளின் நிலப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தொலைவிலுள்ள பொதுக் குழாயில் பீப்பாய்களை நிரப்பி வண்டியில் ஏற்றி வந்து, சமையலுக்கும் குளியலுக்கும் கால்நடைக்கும் பங்கிட வேண்டும். அந்தக் குடும்பத்திடம்தான் இருபது விநாடி கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னோம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்ள ஓர் அறை ஏது? 2020 மே மாதத்தில், மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நியூயார்க் மாநிலத்தையே நவஹோ பகுதியின் தொற்று விகிதம் மிஞ்சியது.

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்ற நோய்கள் இச்சமூகங்களில் முன்பே மிகுதி என்பதும் காரணமே. ஆனால் அதை ‘அவர்களுடைய பழக்கவழக்கம்’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். தீராத நெருக்கடியில் வாழும் உடல் வயதுக்கு முன்பே தேய்ந்துவிடுகிறது என்று ஆர்லின் ஜெரோனிமஸ் என்னும் ஆய்வாளர் 1990களின் தொடக்கத்திலிருந்தே எழுதிவருகிறார்.

கேள்வி: ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருமையான தோலில் தவறாகக் காட்டும் என்கிறார்களே, கருவிக்குமா நிறபேதம்? (மருந்தாளுநர் ஒருவர்)

பதில்: கருவிக்குப் பேதம் கிடையாது, அதைச் சரிபார்த்தவர்கள் யாருடைய விரல்களில் சரிபார்த்தார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். கவ்வியின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒன்றையும் ஏறாத ரத்தம் மற்றொன்றையும் கூடுதலாக உறிஞ்சுவதால், மறுபக்கம் வந்துசேரும் ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு ஆக்சிஜன் அளவு கணிக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். பெரும்பாலும் வெளிர்நிறத் தோலுள்ளவர்களை வைத்து அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவி, கருமையான தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டிவிடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரத்திலேயே தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். உண்மையான அளவு 88க்கும் கீழே கிடந்த நிகழ்வுகள் வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். அந்த நாட்களில் 94 என்பது ஒரு வேலி. அதற்குக் கீழே போனால் மருந்து, படுக்கை. மேலே இருந்தால் காத்திருப்பு. திரையில் 95 என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் ரத்தம் உள்ளே வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். கறுப்பின நோயாளிகளுக்கு மருந்து தேவை என்பது தாமதமாகவே உணரப்பட்டது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. ஆக்ஸ்னர் ஆய்வைக் கொண்டு எல்லா மருத்துவமனைகளையும் குற்றமற்றவை என்று நான் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: இந்தக் குறை 1990லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

கேள்வி: கறுப்பினத்தவர் தடுப்பூசிக்குத் தயங்கியதால்தானே அதிகம் இறந்தார்கள்? (வாசகர் ஒருவர்)

பதில்: காலவரிசை இதற்கு இடம் கொடுக்கவில்லை. தடுப்பூசி வந்தது 2020 டிசம்பரில்; மேலே சொன்ன ஆயுள் சரிவு அந்த ஆண்டு முழுவதும் நடந்தது. 2021இன் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது மெய். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோயை (சிபிலிஸ்) குணப்படுத்தாமல் அரசு மருத்துவத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த நினைவுள்ள ஒரு சமூகம் ஊசியை இருமுறை யோசித்ததில் வியப்பில்லை. பிறகு அந்தத் தயக்கம் பெருமளவு தணிந்தது. 2021இன் கடைசி மாதங்களில், வயதைச் சமன்செய்த பின்னும், வெள்ளையினத்தவரின் இறப்பு விகிதம் கறுப்பினத்தவருடையதைச் சில வாரங்கள் முந்தியது. அரசியல் சார்ந்த தடுப்பூசி மறுப்பு அப்போது வெள்ளையினத்தவர் பக்கத்தில் வேர்விட்டிருந்தது.

கேள்வி: இத்தகைய வேறுபாடு முந்தைய கொள்ளைநோய்களிலும் பதிவாகியிருக்கிறதா? (நூலகர் ஒருவர்)

பதில்: 1918இன் இன்ஃப்ளூயன்சாவில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஐரோப்பிய வம்சாவளியினரைப் போல ஏழெட்டு மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். ஆனால் நூலகரான நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது பசிபிக் தீவுக்கூட்டமான சமோவாவின் கதையை. ஒரே மொழியும் ஒரே வம்சமும் கொண்ட மக்கள் அன்று இரு கொடிகளின் கீழ் இருந்தார்கள்: மேற்கே நியூசிலாந்தின் ராணுவ ஆட்சி, கிழக்கே அமெரிக்கக் கடற்படையின் ஆட்சி. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த தாலூனே என்ற கப்பல், காய்ச்சல் கண்ட பயணிகளோடு மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் தடையின்றி ஆட்களை இறக்கியது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், மாண்டுபோனார்கள்.

கிழக்குச் சமோவாவின் ஆளுநர் ஜான் பாயர் வந்த கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். தோணிகள் ஒதுங்காதபடி கரையோரத்தில் உள்ளூர் மக்களே காவல் நின்றார்கள். அங்கே இன்ஃப்ளூயன்சாவால் ஒருவர்கூட இறக்கவில்லை. பாயர் அனுப்ப முன்வந்த மருத்துவ உதவியை மேற்கின் நிர்வாகி ராபர்ட் லோகன் ஏற்கவும் இல்லை. தாலூனே கப்பலைத் தடையின்றி அனுமதித்ததற்காகவும் அந்த ஆட்சியின் பிற தவறுகளுக்காகவும் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002இல் ஆப்பியாவுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்.