குழந்தைக்கு நைலான் ஆகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பாப்பாவுக்கு 5 மாசம். சொந்தக்காரங்க குடுத்தது எல்லாமே நைலான் நெட் வச்ச ஃப்ராக்கா இருக்கு. மாமியார் இடுப்புல கறுப்பு நைலான் அரைஞாண் கயிறு கட்டியிருக்காங்க. நைலான் கெமிக்கல், குழந்தை உடம்புக்கு விஷம்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, நெஜமா?
- ஒரு தாய், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: விஷம் கிடையாதும்மா, அந்த பயத்த மொதல்ல விடுங்க. 1935-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்ச நூல் அது, அப்பலருந்து உலகமே உடுத்திட்டுதான் இருக்கு, நாம பல் விளக்குற பிரஷ்ல இருக்குற முள்ளும் பெரும்பாலும் அதேதான். நூலா ஆனதுக்கப்புறம் அது தோல் வழியா உடம்புக்குள்ள எறங்கி ஒண்ணும் பண்ணாது. அரிப்பு தடிப்பு வருதுன்னா பல சமயம் அதுல ஏத்துன சாயம்தான் காரணம், அதுலயும் கரும்நீலம் கறுப்பு மாதிரி அடர் கலர்ல போடுற சில சாயம் சிலருக்கு ஒத்துக்காது. அதனால எந்த புதுத்துணியா இருந்தாலும் ஒருதடவ அலசி காயவச்சுட்டு போடுங்க.

ஆனா நம்ம ஊர் புழுக்கம் இருக்கு பாருங்க, அங்கதான் பிரச்சனை. சாதாரண காத்துல பருத்தி நூல் அதோட எடையில 100-க்கு 8 பங்கு ஈரத்த உள்ள இழுத்து வச்சுக்கும், நைலான் 4 பங்குதான், பாலியஸ்டர் அரை பங்குகூட இல்ல. கைக்குழந்தைக்கு வேர்வை வர்ற துவாரம் இன்னும் சரியா பழகியிருக்காது, சுலபமா அடைச்சுக்கும், மேல இந்த துணிய போட்டா வேர்வை அப்படியே தேங்கி கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் வேர்க்குரு. நெட் ஃப்ராக்க விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் போட்டு போட்டோ எடுத்துட்டு கழட்டிடுங்க, உள்ள ஒரு பருத்தி பெனியன் கண்டிப்பா இருக்கணும். தூங்குறப்ப வேண்டவே வேண்டாம். வேர்க்குருவுக்கு பவுடர் கொட்டாதீங்க, தூள் மூச்சுல போகும், காத்தாட விட்டாலே அடங்கிடும்.

அரைஞாண் கயிறு எனக்கு ஃப்ராக்க விட கவலையா இருக்கு. கட்டக்கூடாதுன்னு சொல்லல, மாமியார்கிட்ட சண்டையும் வேண்டாம். இன்னிக்கு பாப்பாவ குளிப்பாட்டுறப்ப அந்த முடிச்ச விரலால தடவிப் பாருங்க. நைலான் கயிறு பிரிஞ்சுடக்கூடாதுன்னு முனைய தீக்குச்சியில பொசுக்கி விட்டிருப்பாங்க, உருகி கெட்டியான ஒரு சின்ன மணி மாதிரி இருக்கும், கறுப்புங்கறதால கண்ணுக்கு தெரியாது, பாப்பா குப்புற கவுந்தா அது நேரா வயித்துல அழுத்தும். இன்னொண்ணு, பொறந்தப்ப இருந்த எடை 5 மாசத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயிடுது, கயிறு கூடவே வளராதில்ல? ரெண்டு விரல் தாராளமா உள்ள போகணும், இல்லேன்னா இன்னிக்கே அவுத்துடுங்க. பருத்தி நூல் கயிறா மாத்திக் கட்டுங்க, குளிச்சதும் கயித்துக்கு அடியில ஈரம் ஒத்தி எடுங்க, செவந்து புண்ணாகியிருந்தா ஆறுற வரைக்கும் எதுவுமே கட்டாதீங்க. கழுத்துல மட்டும் எந்தக் கயிறும் வேண்டாம்.

இது கேக்காத கேள்வி, இருந்தாலும் சொல்லியே ஆகணும். கைக்கு போடுற உறை, சாக்ஸ் ரெண்டையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்க, நூல் நூலா தொங்கும். அதுல ஒண்ணு விரல்ல சுத்திக்கிச்சுன்னா நைலான் அறுந்துபோகாது, இறுக்கிக்கிட்டே போகும், ரத்தம் ஓடாம விரல் வீங்கி நீலமாயிடும், அம்மாவோட தலைமுடி சுத்திக்கிட்டாலும் இதே கதிதான். குழந்தை காரணமே தெரியாம விடாம அழுதா கை விரல், கால் விரல், ஆண் குழந்தைன்னா பிறப்புறுப்பு எல்லாத்தயும் பாருங்க. நூல் கண்ணுக்கு தெரியலை ஆனா வீக்கம் இருக்குன்னா வீட்ல நோண்டாம உடனே ஜிப்மரோ பக்கத்து ஆஸ்பத்திரியோ ஓடுங்க.

கேள்வி: தீபாவளிக்கு 3 வயசு பையனுக்கு பளபளன்னு ஒரு செட் எடுத்திருக்கேன், நைலானா பாலியஸ்டரான்னு தெரியல. பட்டாசு வெடிக்கறப்ப போடலாமா?
- ஒரு அப்பா, நெல்லிக்குப்பம்

பதில்: பட்டாசுக்கு வேண்டாம் தம்பி. ரெண்டுமே 220-லருந்து 260 டிகிரி சூட்டுல உருகி தோல்ல ஒட்டிக்கிற ஜாதி. பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனா இப்படி ஒட்டாது. கோயிலுக்கு அத போடுங்க, மத்தாப்புக்கு உடம்பு ஒட்டுன பருத்தி சட்டை போதும். தப்பித்தவறி ஒட்டிக்கிச்சுன்னா பிச்சு இழுக்காதீங்க, தோலோட வந்துடும். 20 நிமிஷம் குழாய்த் தண்ணிய மேல ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க, பேஸ்ட் மஞ்சள் எதுவும் தடவாதீங்க.

கேள்வி: பேரனுக்கு என்னோட பழைய நைலக்ஸ் புடவையில தூளி கட்டியிருக்கேன். வீட்டுக்காரர் போட்ல கெடந்த நைலான் கயித்த உத்தரத்துல போட்டுக் குடுத்தார். பலமாத்தான இருக்கும்?
- ஒரு பாட்டி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: கயிறு பலம்தாம்மா, புதுசா இருக்குற வரைக்கும். வெயில்ல வருஷக்கணக்கா கெடந்த நைலான் உள்ளுக்குள்ள இத்துப்போயிருக்கும், கையால உருவினா பஞ்சு பஞ்சா முடி நிக்கும், அப்படி நின்னா அத தூக்கிப் போடுங்க. நைலான் வழவழப்புங்கறதால ஆட்ட ஆட்ட முடிச்சும் நெகிழும், தினம் தூளி போடுறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்கணும். புடவைய மாத்துங்க, நைலக்ஸும் நைலான் துணிதான், சூடு வெளிய போகாது, பையன் மூஞ்சி மேல மடிஞ்சு விழுந்தா மூச்சும் முட்டும். பழைய நூல் புடவைய போட்டு நடுவுல கட்டை வச்சு அகலமா விரிச்சு விடுங்க. ராத்திரி முழுக்க தூங்குறதுக்கு கெட்டியான சமமான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கறதுதான் நல்லதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, நானும் அததான் சொல்வேன்.

வீட்ல பெரிய புள்ளைங்க இருக்காங்களான்னு நீங்க எழுதல. இருந்தா குழந்தைய எடுத்த உடனே தூளிய அவுத்துடுங்க, இல்ல எட்டாத ஒசரத்துக்கு சுருட்டிக் கட்டுங்க. அதுல ஏறி முறுக்கி சுத்தி விளையாடுறப்ப கழுத்து இறுகி பல புள்ளைங்க போயிருக்காங்கம்மா.