அப்பாவின் வயிற்றில் வைத்த வடிகட்டி தானாகக் கரையுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் அப்பாவுக்கு 58 வயது. ஏழு மாதங்களுக்கு முன் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதியதில் தொடை எலும்பு முறிந்தது; தலைக்குள்ளும் இரத்தக் கசிவு ஏற்பட்டது. பிறகு காலில் இரத்தம் உறைந்துவிட்டது. தலையில் கசிவு இருப்பதால் உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்க முடியாது என்று சொல்லி, வயிற்றுக்குள் ஒரு ஃபில்டர் வைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். ஃபில்டரைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அது தானாகக் கரைந்துவிடும் என்கிறார். எடுத்தே தீர வேண்டுமானால் ஒரு மருத்துவமனையில் ‘பேக்கேஜ்’ பேசித் தருவதாகவும் அவரே சொல்கிறார். என்ன செய்வது?”

உங்கள் தந்தைக்கு வயிற்றின் பெருஞ்சிரையில், அதாவது காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெரிய நாளத்தில், வைத்திருப்பது அநேகமாக நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகத்தாலான, பின்னர் எடுக்கக்கூடிய வடிகட்டி. அது ஏழு மாதத்திலும் கரையாது, எழுபது ஆண்டிலும் கரையாது. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு புதுவகை வடிகட்டிக்கு அனுமதி கிடைத்தது. அதன் கம்பிகளை நடுவில் சேர்த்துப் பிடித்திருக்கும் இழை மட்டும் உடலில் கரையக்கூடியது. குறைந்தது 60 நாட்கள் அந்த இழை தாங்கும்; பிறகு அது கரைந்ததும் கம்பிகள் விரிந்து சிரையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதிலும் உலோகச் சட்டம் ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். முழுவதுமாகக் கரையும் வடிகட்டி என்பது அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தையலுக்குப் பயன்படுத்தும் பாலிடயாக்ஸனோன் என்ற பொருளைக் கொண்டு ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வந்த ஒன்று. ஆகவே, “கரைந்துவிடும்” என்ற பேச்சை நம்பி நீங்கள் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

இந்த வடிகட்டி காலில் உள்ள உறைவைக் கரைப்பதும் இல்லை, புதிதாக உறையாமல் தடுப்பதும் இல்லை. காலிலிருந்து பிய்ந்து மேலேறும் இரத்தக் கட்டி நுரையீரலை அடையாதபடி, சிறுநீரகச் சிரைகளுக்குச் சற்றுக் கீழே, அந்தப் பெருஞ்சிரையில் (ஆங்கிலச் சுருக்கம் ஐ.வி.சி.) குடைக்கம்பிகளைப் போல விரிந்து நின்று பிடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மருந்து கொடுக்க முடியாத அந்தச் சில வாரங்களில் அது உங்கள் தந்தையின் உயிரைக் காத்திருக்கலாம். வைத்தவர்கள் செய்தது சரியே. ஆனால் வேலை முடிந்த பிறகும் உள்ளே விட்டுவைத்தால் அதுவே தொல்லையாகிறது. கம்பி முறியலாம், இடம் பெயரலாம், சிரையின் சுவரைத் துளைக்கலாம். பிரான்சில் 400 நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், நிரந்தர வடிகட்டி வைத்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் காலில் மீண்டும் இரத்தம் உறைவது ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இலும் 2014இலும் இது குறித்து எச்சரித்தது. நுரையீரல் அடைப்புக்கான ஆபத்து நீங்கிவிட்டவர்களுக்கு, வைத்த 29ஆம் நாளுக்கும் 54ஆம் நாளுக்கும் இடையிலேயே, விட்டுவைப்பதைவிட எடுப்பது நல்லது என்ற நிலை வந்துவிடுகிறது என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கைப் பார்த்து, ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். பல ஆண்டுகள் கழித்தும் வடிகட்டிகளை எடுத்திருக்கிறோம். நாள் ஆக ஆக வேலை கடினமாகும் என்பது மட்டும் உண்மை. கழுத்துச் சிரையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழாயை வயிறு வரை இறக்குவோம். வடிகட்டியின் உச்சியில் கடுகளவே ஆன ஒரு கொக்கி இருக்கும். கம்பிச் சுருக்கு ஒன்றை அந்தக் கொக்கியில் மாட்டி இறுக்கி, குழாயை அதன்மேல் கீழ்நோக்கித் தள்ளினால், விரிந்த கம்பிகள் மடங்கிக் குழாய்க்குள் வந்துவிடும். எளிதாக அமைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். கொக்கி சாய்ந்து சுவரில் புதைந்துவிட்டால்தான் இடுக்கி போன்ற கருவிகளும் அனுபவமுள்ள கையும் தேவைப்படும். அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன் கேட்கிறோம்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குடும்பத்தினர் மருத்துவரோடு சண்டைக்கு நிற்பது இந்த இடத்தில்தான். எடுக்கப் போகும் நாளில், குழாய் வழியே சாய மருந்து செலுத்திப் படம் பார்க்கும்போது, வடிகட்டிக்குள்ளேயே ஒரு பெரிய உறைவு சிக்கியிருப்பது தெரியலாம். அப்படியே இழுத்தால் அந்த உறைவு கழன்று நேராக நுரையீரலுக்குப் போகும். எதற்காக வடிகட்டியை வைத்தோமோ அந்த ஆபத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும். அப்போது எதையும் எடுக்காமல் குழாயை வெளியே இழுத்துவிட்டு, சில வாரங்கள் உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்து, மறுபடியும் ஸ்கேன் பார்த்து, உறைவு கரைந்த பிறகு எடுப்பதே சரி. மேசை வரை கொண்டுபோய்ச் சும்மா அனுப்பிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த மருத்துவர் தம் கடமையைச் செய்திருக்கிறார் என்பதே உண்மை. மிகச் சிறிய துணுக்கு என்றால் அதோடு சேர்த்தே எடுத்துவிடலாம்; அந்த முடிவைப் படத்தைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. வடிகட்டி வைக்கும் நாளிலேயே, எடுக்க வேண்டிய தேதியை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். நம்மிடம் அது நடப்பதில்லை. வைத்தவர் ஒரு துறை, எலும்பைப் பார்த்தவர் வேறு துறை, வீட்டுக்கு அனுப்பியவர் இன்னொருவர். டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் ‘ஐ.வி.சி. ஃபில்டர் வைக்கப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நான்கு ஆண்டுகளாக வடிகட்டியோடு நடமாடிய ஒருவர், முதுகு வலிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது அதைக் கண்டு திகைத்து என்னிடம் வந்தார். வைத்தவர்கள் யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே நாளைக் காலையே, வடிகட்டி வைத்த மருத்துவமனையின் ஆவண அறைக்குச் சென்று எழுத்துமூலம் கேட்டு, கேஸ் ஷீட்டின் நகலை வாங்குங்கள். அதில் விரலளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். வடிகட்டியின் பெயர், மாடல், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். எந்தச் சுருக்கு, எந்தக் குழாய் என்று முடிவு செய்ய எங்களுக்கு அது வேண்டும்.

‘பேக்கேஜ்’ பேசுபவரை ஒதுக்கிவிடுங்கள். அவர் சொல்லும் தொகையில் அவருடைய கமிஷனும் அடங்கியிருக்கிறது. வடிகட்டி எடுத்துப் பழகிய மருத்துவரிடம் அவர் உங்களை அழைத்துப் போவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சென்ட்ரல் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் நேரில் கேளுங்கள். அதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், “இதுவரை எத்தனை வடிகட்டி எடுத்திருக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக, தலைக் கசிவு ஆறிய பிறகு உங்கள் தந்தைக்கு உறைவுத் தடுப்பு மாத்திரை தொடங்கப்பட்டதா என்று நரம்பியல் அறுவை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபில்டர் இருக்கிறதே என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இரு கால்களும் ஒருசேர வீங்கினாலோ, புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததுமே வடிகட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.