கிறிஸ்துமஸும் குட்டிப் பிள்ளைகளும்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: சென்னையில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். என் அம்மா வீடு தூத்துக்குடி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். கணவர் வீடு நாசரேத், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டரை. ஒவ்வொரு வருஷமும் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ரயிலேறி, 24 ராத்திரிப் பூசைக்கு அம்மா வீடு, விடியற்காலை ஆராதனைக்கு மாமியார் வீடு என்று ஓடுகிறோம். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் அழுதுகொண்டே இருக்கிறார்கள். போன முறை வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடியைப் பார்த்து மகன் அலறினான். அதற்குப் பிறகு பல நாள் ராத்திரியில் விழித்து அழுதான். மகளோ, “தாத்தா நிஜமா வருவாரா?” என்று கேட்கிறாள். எங்களுக்கென்று சில வழக்கங்கள் வேண்டும். பெரியவர்கள் மனமும் நோகக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிள்ளைகளின் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஆறு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். ரயிலில் ஒரு ராத்திரி அரைகுறைத் தூக்கம், அடுத்து நள்ளிரவைத் தாண்டி முடிகிற பூசை, வீடு திரும்பிக் கண்ணயர்வதற்குள் நாசரேத்துக்குக் கிளம்புவது என்றால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். பிள்ளைகள் அடம்பிடிப்பதாக நீங்கள் நினைப்பதில் முக்கால்வாசி தூக்கக் கலக்கம்தான்.

ஆகவே ஒரு வருஷம் ராத்திரிப் பூசை, அடுத்த வருஷம் விடியற்காலை ஆராதனை என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வருஷத்தில் 25-ஆம் தேதி முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, மறுநாள் நாசரேத் போய்ப் புத்தாண்டு வரை தங்கலாம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்கள் கணவரே சொல்வார். எனவே அவர் வீட்டுக்கு மிச்சம் மீதி கொடுத்ததாக ஆகாது. அடுத்த வருஷம் அப்படியே தலைகீழ். மகனை இந்த வயதில் ராத்திரியில் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் அவனோடு வீட்டில் படுத்துக்கொள்ளட்டும்; காலைப் பூசைக்கு அவனைக் கூட்டிப்போகலாம். மகளை 24 மத்தியானம் நன்றாகத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி அழைத்துப் போங்கள். தம்பி இல்லாமல் பெரியவர்களோடு நள்ளிரவில் கோவிலுக்குப் போவது அவளுக்கு மட்டும் கிடைத்த சலுகையாக இருக்கும்.

அடுத்தது, உங்கள் வீட்டுக்கான வழக்கம். குடும்ப வழக்கங்களைப் பற்றி 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபீஸும் அவருடைய குழுவினரும் 2002-ல் தொகுத்துப் பார்த்தார்கள். தினப்படி வேலைக்கும் சடங்குக்கும் அவர்கள் சொன்ன வித்தியாசம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை முடிந்தால் அதைப் பற்றிய நினைப்பும் முடிந்துவிடும். சடங்கு முடிந்த பிறகும் ‘எங்கள் வீட்டில் இப்படித்தான்’ என்கிற உணர்வு தங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த உணர்வு வேடிக்கை பார்ப்பதால் வருவதில்லை. தங்கள் கையால் செய்த ஒன்றை அடுத்த வருஷமும் அதே மாதிரி செய்யும்போதுதான் வருகிறது. இரண்டு மூன்று வழக்கங்கள் போதும், ஆனால் வருஷா வருஷம் மாறக் கூடாது. இணையத்தில் பார்த்த பத்து யோசனைகளை ஒரே டிசம்பரில் செய்து பார்ப்பதில் அம்மாதான் களைத்துப்போவார்.

உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ஆர்.சி.யில் திருவருகைக் காலம் என்றும் சி.எஸ்.ஐ.யில் அட்வெந்து என்றும் அனுசரிக்கிறோம். அந்த ஞாயிறுகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் பிள்ளைகளுக்காகவே பிறந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோஹன் ஹின்ரிச் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகரிடம், “கிறிஸ்துமஸ் வந்தாச்சா, வந்தாச்சா” என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர் 1839-ல் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றினார். பிறகு அது நான்கு மெழுகுவர்த்தியாகச் சுருங்கிக் கத்தோலிக்கக் கோவில்களுக்கும் வந்துவிட்டது. ‘இன்னும் பதினைந்து நாள்’ என்றால் உங்கள் மகனுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு எரிகிறது, இரண்டு எரியவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு தட்டில் நான்கு மெழுகுவர்த்தி வையுங்கள். ஏற்றுவது அப்பா. ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். ஊதி அணைப்பது மகன். ஐந்து நிமிஷம் போதும். ஆபத்து என்று பயந்து பேட்டரி மெழுகுவர்த்தி வாங்கினால் கவனம். அதிலும், பாட்டுப் பாடும் பொம்மையிலும், மின்னும் தொப்பியிலும் பட்டன் செல் என்கிற சின்ன வட்ட பேட்டரி இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாகி அரிக்கத் தொடங்கிவிடும். ஸ்க்ரூ போட்டு மூடிய பொருளை மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலை விடவே விடாதீர்கள். உங்கள் அம்மா வீட்டில் பெரிய குடில் இருக்கட்டும், சென்னை வீட்டிலும் ஒன்று வையுங்கள். டிசம்பர் 12, 13 வாக்கில் ஒரு கைப்பிடி கம்பையோ கோதுமையையோ பிள்ளைகள் கையால் ஊறப்போடச் சொல்லுங்கள். மறுநாள் பழைய டிபன் டப்பா மூடிகளில் மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண்ணைப் போர்த்தி, தினமும் தண்ணீர் தெளிக்கட்டும். மூன்றாம் நாளே வெள்ளையாக மூக்கு நீட்டும். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது விரல் நீளத்துக்குப் பச்சென்று நிற்கும். அதில் ஒரு மூடியை மட்டும் ஆச்சி வீட்டுக் குடிலுக்கு மகள் மடியில் வைத்துக் கொண்டுபோகட்டும். சுரூபங்கள் (குடில் சிலைகள்) மண்ணில் செய்தவை என்றால் உயரத்தில் வைத்துவிட்டு, மகன் கைக்கு மரத்திலோ துணியிலோ ஆன ஆடு மாடுகளைக் கொடுங்கள். ‘தொடாதே’ என்று சொல்லவேண்டி வந்தால் அது பிள்ளைகளுக்கான குடில் இல்லை. அசிசி நகர் பிரான்சிஸ் 1223-ல் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது நிஜ வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும்தான் வைத்தார்.

சின்ன பாலன் (குழந்தை இயேசு) சுரூபம் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் முழுக்கத் தொட்டில் காலியாக இருக்கட்டும். கிளம்பும்போது பாலன் உங்களோடு ரயிலில் வரட்டும். எந்த ஊரில் கிறிஸ்துமஸோ அங்கே 24 ராத்திரி மகள் படுக்கவைக்கட்டும். சென்னை திரும்பியதும் மகன் கையால் உங்கள் வீட்டுத் தொட்டிலுக்கு வரட்டும். பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை முதல் நாளே குடிலில் நிறுத்த வேண்டாம். வீட்டின் மறுகோடியில், ஃபிரிட்ஜ் பக்கத்திலோ ஜன்னல் கட்டையிலோ நிற்கட்டும். ஊர் போவதற்கு முன்னும் வந்த பின்னும் தினம் ஒரு முழம் நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதி குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாளைக் கோவிலில் அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை வைப்பார்கள். வீட்டில் 6-ஆம் தேதியே இருக்கட்டும். பள்ளி திறந்த வாரத்தில் பிள்ளைகளுக்கு வருகிற மந்த நிலைக்கு இதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. குடிலை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மகனின் பயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை முகமூடியைக் கண்டு மிரளுவது மிகச் சாதாரணம். அந்த வயதில் பிள்ளை எதிராளியின் முகத்தை வைத்துத்தான் ஆபத்தா இல்லையா என்று முடிவுசெய்கிறது. அசையாத பிளாஸ்டிக் முகம், அதன்மேல் பஞ்சுத் தாடி, டிரம் சத்தம், தூக்கத்தில் எழுப்பிய நேரம் என்று எல்லாம் சேர்ந்தால் அலறாமல் என்ன செய்வான்? கேரல் குழுவில் இருப்பவர்கள் உங்கள் சபைப் பையன்கள்தான். முன்கூட்டியே சொல்லிவைத்தால், வாசலிலேயே முகமூடியைத் தூக்கிக் காட்டி, “நான் பக்கத்துத் தெரு அண்ணன்டா” என்பார்கள். அதற்கு முன்னால் வீட்டில் பகல் வெளிச்சத்தில் பழக்குங்கள். முதலில் முகமூடியைத் தரையில் கிடத்துங்கள். பிறகு அவனே அதை ஒரு பொம்மைக்குப் போடட்டும். பிறகு அப்பா பாதி முகத்துக்கு வைத்து எடுக்கட்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில். அவன் ‘போதும்’ என்றால் அன்றைக்குப் போதும். ஃபோட்டோவுக்காகத் தாத்தா மடியில் திணிக்காதீர்கள். “அழுதா தாத்தாகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்” என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொந்தக்காரர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மகள் கேட்பது வேறு. ஆறு வயதில் பலருக்கும் சந்தேகம் தொடங்கிவிடும். “நீ என்ன நினைக்கிற?” என்று முதலில் கேளுங்கள். நம்ப ஆசைப்பட்டால் அதைக் கலைக்க வேண்டாம். நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில் நிக்கோலஸ் என்று ஒரு ஆயர் இருந்தார், ஏழைகளுக்கு யாருக்கும் தெரியாமல் உதவி செய்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள், அவருடைய திருநாள் டிசம்பர் 6, அவரை நினைத்துத்தான் பெரியவர்கள் தாத்தா வேஷம் போடுகிறார்கள் என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு, “இந்த வருஷம் தம்பிக்கு நீதான் தாத்தா” என்று ஒரு சின்னப் பரிசை வாங்கி ஒளித்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். ஏமாற்றம் அங்கேயே கரைந்துவிடும். விலை உயர்ந்த பரிசு எப்போதும் அம்மா அப்பா பெயரில் இருக்கட்டும். நல்ல பிள்ளைக்குத்தான் தாத்தா தருவார் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளைக்கு சைக்கிள் கிடைத்ததை எப்படி விளக்குவீர்கள்?

பலகாரத்தில் பிள்ளைகளுக்கு ஏற்றது கல்கல். மாவை நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்தால், முள் கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்து அழுத்திச் சுருட்ட மகளுக்கு நன்றாக வரும். மகன் செய்வது கோணல்மாணலாகத்தான் இருக்கும். அதையும் பொரித்துத் தனி டப்பாவில் அவன் பெயர் எழுதி வையுங்கள். எண்ணெய்ச் சட்டிப் பக்கமும், முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சும் பக்கமும் அவர்கள் வரக் கூடாது. கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வீடு என்றால் பிள்ளைகள் கேக்குக்கு ஆரஞ்சுச் சாறு. அடுப்பில் வைத்தால் மது முழுக்க ஆவியாகிவிடும் என்பது சரியில்லை. மகனுக்கு முழு முந்திரி, வேர்க்கடலை வேண்டாம், புரையேறும், பொடித்துக் கொடுங்கள்.

தட்டு கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் உங்கள் மாடியில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அவர்களே மணி அடித்து, “ஆன்ட்டி, எங்க வீட்ல கிறிஸ்துமஸ்” என்று நீட்டட்டும். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு அதிரசம் தந்தவர்களுக்கு நாம் கல்கல் கொடுப்பது என்கிற கணக்கு ஆறு வயதில் நன்றாகவே புரியும். புத்தாடை விஷயத்தில் ஒரு வார்த்தை: நெட் ஃபிராக் என்றால் உள்ளே பருத்தி பெட்டிகோட்; வாங்கியதும் ஒருமுறை அலசிப் போடுங்கள்.

பெரியவர்களிடம் பேச டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் தொடங்குகிறது. டிசம்பர் 23-க்கு அக்டோபர் கடைசி வாரம் டிக்கெட் போட வேண்டும் என்பதால், எந்த வருஷம் எந்த ஊர் என்பதை அதற்குள் சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், உங்கள் அம்மாவிடம் நீங்கள். வரமுடியாது என்று ஆரம்பிக்காமல், “26-ஆம் தேதி வந்து ஒரு வாரம் இருக்கோம்மா, பேத்திக்கு முந்திரிக்கொத்து பிடிக்க நீங்கதான் கத்துக்கொடுக்கணும், பயறு வறுக்காம வச்சிருங்க” என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் வருஷம் கொஞ்சம் முகம் வாடலாம். பேரன் தூங்கி எழுந்து சிரித்த முகத்தோடு வந்து இறங்கினால், அடுத்த வருஷத்துக்கான ஏற்பாட்டை அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.