ஸ்னோமொபைலின் பின் சஸ்பென்ஷன் எத்தனை வருடம் உழைக்கும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் கனடாவின் ஒண்டாரியோவில் ஸ்னோமொபைல் ஓடும் பனிப்பாதைகளான டிரெயில்கள் மூடிவிடும். வண்டிகள் கராஜுக்குள் போகும். ஓட்டும்போது கவனிக்காமல் விட்ட சத்தமும் ஆட்டமும் அப்போதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வண்டியோடு வந்த பின் சஸ்பென்ஷனை (டிராக் என்ற ரப்பர்ப் பட்டைக்குள் இருந்து மேடு பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) கழற்றிவிட்டு வெளிக்கம்பெனி செட் போட்டிருக்கிறோம், அது தாங்குமா, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தினமும் கையில் பிடிக்கும் பொருள் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பழைய பொலாரிஸ் ஒன்று வாங்கினேன் அண்ணா. பின்னால் எம்-10 சஸ்பென்ஷன் போட்டிருக்கிறது. மீட்டரில் 9,000 கிலோமீட்டர் காட்டுகிறது. இன்னும் எத்தனை வருடம் ஓடும்? (பேரி)

கிலோமீட்டரை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது தம்பி. 20,000 ஓடியும் கெட்டியாக இருக்கும் செட்டைப் பார்த்திருக்கிறேன். 3,000 கிலோமீட்டரிலேயே ஆட்டம் கண்டுவிட்டதையும் பார்த்திருக்கிறேன். எம்-10 அருமையான வடிவமைப்பு. மினசோட்டாவின் எவெலெத் ஊரைச் சேர்ந்த ஃபாஸ்ட் நிறுவனத்தில் ஜெரார்ட் கார்பிக் உருவாக்கியது. பொலாரிஸ் கம்பெனியே சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே அதைப் போட்டு விற்றது. ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம், மேடு பள்ளத்தில் இடுப்பு பிழைக்கும். ஆனால் அதில் அசையும் மூட்டுகள் அதிகம். மூட்டு அதிகமானால், அதற்குள் இருந்து தேய்கிற புஷ் என்ற சிறு குழாயும் அதிகம்.

சஸ்பென்ஷன் திடீரென்று முறிவதில்லை. முதலில் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் முறிவு வரை போகாது. எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

பின் பம்பரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிராக் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, டிராக்குக்குள் நீளமாகப் போகும் இரண்டு அலுமினிய ரெயில்களின் வால் பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது சாதாரணம். ‘டொக்’ என்று ஒரு தட்டல் கைக்கு வந்தால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. இப்போது ஒருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள். பாதி விரல் ரெயிலை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் மேல், பாதி விரல் ரெயிலின் மேல் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் அசைவு விரலுக்குத் தெரிந்துவிடும். மூட்டின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் பசை மாதிரி ஏதாவது கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது சேறு இல்லை. உள்ளே கிரீஸ் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசி வந்த துருப்பொடி.

புஷ் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். புஷ்ஷின் விலை சில டாலர்தான். அப்படியே ஓட்டினால் புஷ்ஷுக்குள் போகும் தண்டான சாஃப்ட் தேயும், அப்புறம் ஆர்மின் துளை முட்டை வடிவமாகும். அந்த ஆர்மை வாங்கும்போது பல நூறு டாலர் போய்விடும்.

அடுத்து விரிசல். முன் ஆர்மின் வெல்டிங் ஓரங்களையும், ரெயிலில் ஆர்ம் மாட்டும் துளைகளைச் சுற்றியும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் மயிரிழை விரிசல் மறைந்துவிடும். சஸ்பென்ஷன் அளவுக்கு மேல் விரியாமல் பிடிக்கும், முன்னால் இருக்கும் லிமிட்டர் பட்டையில் நூல் பிரிந்திருந்தாலோ போல்ட் துளை இழுபட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் 9,000 ஒரு பெரிய எண்ணே இல்லை.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்? எந்த கிரீஸ்? (சட்பரி)

நான் 800 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன். ஈரப்பனியிலும் தண்ணீரிலும் ஓட்டிய நாளென்றால், கணக்குப் பார்க்காமல் அன்றே அடித்துவிடுவேன். மூட்டுக்குள் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்தால் கிரீஸ் இருந்தும் பயனில்லை. வண்டியின் எடை மூட்டின் மேல் இல்லாதபடி பின்பக்கத்தைத் தூக்கிவைத்து அடியுங்கள். அப்போதுதான் கிரீஸ் சாஃப்ட்டைச் சுற்றிப் பரவும். பழைய அழுக்கு கிரீஸ் வெளியே வந்து, புதுசின் நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும்.

மைனஸ் 40 டிகிரியிலும் இறுகாத சிந்தெடிக் கிரீஸ், தண்ணீரில் கழுவிப் போகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பிராண்டில் ஆரம்பித்தால் அதிலேயே தொடருங்கள். சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று கலந்தால் தண்ணீர் மாதிரி இளகிவிடும். ஒரு நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் முனை) கிரீஸ் ஏறவே இல்லை என்றால் கிரீஸ் கன்னை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். நிப்பிளைக் கழற்றி மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் சாஃப்ட்டையே உருவிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். சில வெளிக்கம்பெனி செட்டுகளில் கிரீஸ் தேவைப்படாத பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பார்கள். அதில் நிப்பிளே இருக்காது, தேட வேண்டாம்.

கேள்வி: மலைப்பனிக்கான வெளிக்கம்பெனி சஸ்பென்ஷனை என் வண்டிக்குப் போட்டேன். 600 கிலோமீட்டரில் ஹைஃபேக்ஸ் தேய்ந்துவிட்டது. பழைய சஸ்பென்ஷனில் மூன்று சீசன் வந்தது. செட் தரமில்லாததா? (ஜார்ஜியன் பே பக்கம்)

செட்டின் மேல் பழி போட வேண்டாம். அது பிறந்த இடம் வேறு, நீங்கள் ஓட்டும் இடம் வேறு.

ஹைஃபேக்ஸ் என்பது ரெயிலுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டை. டிராக்கின் உலோகக் கிளிப்புகள் அதன் மேல் உரசிக்கொண்டே ஓடும். பெரும்பாலும் அது மிக அடர்ந்த பாலிஎத்திலீன். சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். பனித்துகள் மேலே விழுந்து உருகி, அந்தத் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் இடுப்பளவு பனி. அங்கே ரெயிலில் மாட்டும் சிறு சக்கரம் அதிகம் தேவையில்லை. எடையும் குறைய வேண்டும். அதனால் மலைக்கான செட்டில் சக்கரங்களைக் குறைத்திருப்பார்கள். அதையே உறைந்த ஏரி மேலும், இறுகிப்போன டிரெயிலிலும் ஓட்டினால் தண்ணீரும் இல்லை, எடையைத் தாங்கச் சக்கரமும் இல்லை. எல்லாப் பாரமும் பட்டையின் மேல். நின்று ஓய்வெடுக்கும்போது டிராக் பக்கம் குனிந்தால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்திருக்குமே, கவனித்தீர்களா?

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு ஜோடி சக்கரம் கூடுதலாகப் போடுங்கள், ரெயிலில் துளை பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். ஐஸ் ஸ்கிராட்சர் ஒரு ஜோடி மாட்டுங்கள். கெட்டியான ஐஸைக் கீறி, துகளைப் பட்டை மேல் வீசும் கம்பி அது. இந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

பழைய பட்டையைத் தூக்கி எறியும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் பனிக் குறைவு. ஒரு பக்க ரெயிலில் மட்டும், அதுவும் உள்ளோரத்தில் தேய்ந்திருந்தால் டிராக் நேராக ஓடவில்லை. முன் வளைவில் மட்டும் குழி விழுந்திருந்தால் நடு ஷாக்கின் ஸ்பிரிங் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கலாம், அல்லது டிராக்கையே இறுக்கி வைத்திருக்கிறீர்கள். டிராக் இறுக்கத்துக்குப் பழைய வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவைப் பிடிக்காதீர்கள், புது செட்டோடு வந்த தாளில் உள்ளதே சரி. டிராக் எந்தப் பக்கம் ரெயிலோடு ஒட்டி ஓடுகிறதோ அந்தப் பக்க அட்ஜஸ்டர் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, மெதுவாகச் சுழலவிட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று. அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: ஷாக்கில் எண்ணெய் கசியவே இல்லை. அப்படியும் சர்வீஸ் செய்ய வேண்டுமா?

கட்டாயம். கசிந்தால்தான் கெட்டது என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே எண்ணெய் சூடாகிச் சூடாகிக் கறுத்துப்போகும், நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு அடையாளம் சொல்கிறேன். காலையில் முதல் பத்து கிலோமீட்டர் நன்றாக இருக்கிறது, அப்புறம் வண்டி குதிரை மாதிரி துள்ளுகிறது என்றால் எண்ணெய் செத்துவிட்டது. கழற்றக்கூடிய ஷாக் என்றால் 3,000 கிலோமீட்டருக்கோ இரண்டு சீசனுக்கோ ஒருமுறை சர்வீஸ் செய்கிறேன். உள்ளே பல நூறு பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கலாம். வீட்டில் திறக்க வேண்டாம், முகத்தில் அடிக்கும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று ஷாக் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு. 20 டிகிரி கராஜில் 100 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு மைனஸ் 20-ல் கொண்டுபோய் நிறுத்தினால், அது தானாகவே 84 பக்கம் இறங்கிவிடும். கசிவே இல்லாமல்! ‘சீல் போய்விட்டது’ என்று ஷாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வண்டியை ஒரு மணி நேரம் வெளியில் குளிர விட்டு, அப்புறம் அளந்து ஏற்றுங்கள்.

கேள்வி: டனலில் (டிராக்குக்கு மேலே இருக்கும் அலுமினியக் கூடு) சஸ்பென்ஷனைப் பிடிக்கும் போல்ட்டுகள் அடிக்கடி லூஸ் ஆகின்றன. (ஹாலிபர்ட்டன்)

இதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு மனசு கனக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு வெளிக்கம்பெனி செட் போட்டுக் கொடுத்தேன். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு கொண்டுவாருங்கள், போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஊரிலிருந்து வெகுதூரத்தில் ஒரு போல்ட் கழன்று விழுந்து, ஆர்ம் டிராக்குக்குள் இறங்கிவிட்டது. இருட்டில் மைனஸ் 25-ல் அவரை இழுத்துவந்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டனலின் அலுமினியத் தகட்டில் துளை நீள்வட்டமாகக் கிழிந்திருந்தது.

புது பெயிண்ட், புது பிராக்கெட், புது புஷ் எல்லாமே முதல் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கும். அதனால் முதல் 100 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா போல்ட்டையும் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் போல்ட் கழலாமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசையைப் புதிதாகப் போடுங்கள். போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு முறிந்திருப்பதைப் பார்த்தே தளர்ந்ததைச் சொல்லிவிடலாம். உங்களுக்குத் திரும்பத் திரும்ப லூஸ் ஆகிறது என்றால் இறுக்குவது தீர்வில்லை. போல்ட்டை உருவி, துளை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீண்டிருந்தால் உள்ளும் வெளியும் வலுவூட்டும் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும்.

கேள்வி: ரெயிலில் விரிசல் விட்டிருக்கிறது. அலுமினியம் வெல்டிங் செய்யலாமா?

செய்யக்கூடாது என்பது என் கருத்து. ரெயில்கள் பெரும்பாலும் 6061-டி6 அலுமினியம், சூட்டுப் பதம் கொடுத்து வலுவாக்கியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கும், அதற்குப் பக்கத்தில் மறுபடி முறியும். ரெயிலை மாற்றுங்கள்.

கேள்வி: பிரஷர் வாஷரில் கழுவலாமா ஐயா?

டிராக்கையும் டனலையும் கழுவலாம். சக்கர பேரிங், மூட்டு, ஷாக் சீல் இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். ஆனால் டிரெய்லரில் உப்புத் தூவிய ஹைவேயில் வந்த நாளில் கழுவாமல் விடவே கூடாது. அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட்டை உப்பு தின்றுவிடும். அப்புறம் எந்த ரெஞ்சுக்கும் அது அசையாது.

கேள்வி: நான் வாங்கிய செட்டைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? (பிரின்ஸ் ஜார்ஜ்)

வெளிக்கம்பெனி செட்டின் உண்மையான ஆயுள் இதில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் சின்னக் கம்பெனிகள் அதிகம், அவை கைமாறிக்கொண்டே இருக்கும். டிம்பர்ஸ்லெட்டின் மவுண்டன் டேமர் உங்கள் பக்கம் பெயர்பெற்ற செட். 2015-ல் அந்த நிறுவனத்தைப் பொலாரிஸ் வாங்கியது.

பயப்பட வேண்டாம். தேய்கிற பாகங்களில் பெரும்பாலானவை பொதுவானவைதான். சக்கரத்தின் பேரிங்கைத் திருப்பி, சீலின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். புஷ்களை ஒரு நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம், தேயாத பக்கத்தை மாதிரியாகக் கொடுங்கள். ஹைஃபேக்ஸ் எந்த வண்டியின் ரெயில் வடிவத்துக்குப் பொருந்துகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்து எழுதிவைத்தால் போதும். ஆர்ம், ரெயில் இரண்டும்தான் கஷ்டம். அதே செட் பழையதாக எங்காவது விற்பனைக்கு வந்தால் வாங்கிக் கராஜ் மூலையில் போட்டுவையுங்கள். நானும் அப்படி இரண்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: கோடையில் வண்டியை எப்படி நிறுத்திவைப்பது?

கழுவி, காயவைத்து, எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிட்டுப் பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். டிராக் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பிரிங் ஆறேழு மாதம் பாரம் சுமக்க வேண்டாம். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தால் அந்த பேரிங்கை இப்போதே மாற்றிவிடுங்கள், நவம்பரில் கடையில் வரிசை நீளம். தளர்த்திய டிராக்கை முதல் பனிக்கு முன் மறுபடி இறுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவையுங்கள்.