கண்ணுக்குள் வைத்த லென்ஸ் இடம் மாறுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. மூன்று வாரங்களுக்கு முன் வலக்கண்ணில் கண்புரை ஆபரேஷன் செய்து, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) இருந்ததால், அதையும் திருத்தும் டோரிக் லென்ஸ் வைத்தார்கள். குனிந்தாலோ குடம் தூக்கினாலோ லென்ஸ் நழுவிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, அவர் தும்முவதற்குக்கூட அஞ்சுகிறார். லென்ஸ் உண்மையிலேயே நகருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தும்மினால் லென்ஸ் நழுவாது, இதை முதலில் உங்கள் தாயாரிடம் சொல்லிவிடுங்கள். நம் இயற்கை லென்ஸை மெல்லிய சவ்வுப்பை ஒன்று மூடியிருக்கிறது. மருத்துவர் அதன் முன்புறத்தில் சுமார் 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாகத் திறந்து, புரையை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைக்கிறார். லென்ஸின் நடுப்பகுதி பொதுவாக 6 மி.மீ. இருப்பதால், திறப்பின் விளிம்பு அதன் ஓரத்தைச் சுற்றிலும் மூடிக்கொள்கிறது. சில வாரங்களில் பை சுருங்கி அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் பொருத்தியபோது இந்தப் பிடிமானம் இல்லை; லென்ஸும் கனமானது; அதனால் அக்காலத்தில் சிலருக்கு அது விலகியது. பாரம் தூக்க வேண்டாம் என்று இன்று சொல்வது பெரும்பாலும் காயம் ஆறுவதற்காகத்தான். கண்ணைக் கசக்குவதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

டோரிக் லென்ஸில் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிலிண்டர் பவரின் அச்சுக்கு நேராக நின்றால்தான் அது முழுப் பயன் தரும்; ஆனால் பையை விட்டு விலகாமலேயே, இருந்த இடத்தில் சற்றுச் சுழலக்கூடும். ஒரு டிகிரி சுழன்றால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 சதவீதம் குறையும். 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரியில் பயனே இராது. இந்தச் சுழற்சி பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே நிகழ்கிறது. நீளமான கண் உள்ளவர்களுக்கு, அதாவது கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கு, வாய்ப்பு சற்று அதிகம். உங்கள் தாயார் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார். பார்வை எதிர்பார்த்த அளவு தெளியவில்லையென்றால், கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, லென்ஸிலுள்ள அச்சுக் குறிகளைப் பார்க்கும்படி இப்போதே கேளுங்கள். பை முழுதாக இறுகுவதற்கு முன் லென்ஸைத் திருப்பி வைப்பது எளிது.

பல ஆண்டுகள் கழித்து லென்ஸ் சரிவதும் உண்டு, ஆனால் அது அரிது. பையைத் தாங்கும் நுண்ணிழைகள் பலவீனமாகி, பையும் லென்ஸும் சேர்ந்தே இறங்கும். கண்ணில் பலத்த அடி, முன்பு செய்த விழித்திரை ஆபரேஷன், மார்ஃபான் நோய் (உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபு நோய்), முதுமையில் கண்ணுக்குள் வெண்ணிறப் பொருக்கு படியும் நோய் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். அப்படி நேர்ந்தால் லென்ஸை வெண்விழிச் சுவரில் பொருத்த முடியும். திசுப் பசையால் ஒட்டும் முறையைச் சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007-இல் செய்து காட்டினார்.

மாதக்கணக்கில் பார்வை மெல்ல மங்கினால், அது பெரும்பாலும் பையின் பின்சவ்வு மங்குவதுதான்; யாக் லேசர் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடும். திடீரென மங்கினாலோ, மற்றக் கண்ணை மூடிய பிறகும் உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வையின் நடுவே வளைந்த விளிம்பு தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். ஆபரேஷனின்போது கொடுத்த லென்ஸ் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள மாடலும் பவரும் அவருக்குத் தேவைப்படும்.