சிப்புக்குப் பூட்டு, காந்தத்துக்கு எதிர்ப்பூட்டு: கேள்வி பதில்

கேள்வி: சிப் செய்வது தைவான். அதைச் சீனா வாங்கக்கூடாது, சீனாவுக்கு விற்கக்கூடாது என்று அமெரிக்கா எப்படிச் சொல்ல முடிகிறது?

எங்கே செய்கிறார்கள் என்பதை விடுங்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வடிவமைப்பு மென்பொருளும் ஆலையில் நிற்கும் எந்திரங்களில் பலவும் அமெரிக்க நிறுவனங்களுடையவை. அவற்றால் பிறந்த பொருளும் எங்கள் சட்டத்துக்குள்தான் என்கிறது வாஷிங்டன். 2020 மே மாதம் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவே மீது இதை இறுக்கினார்கள். செப்டம்பரில் தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி அதற்குச் சப்ளையை நிறுத்திவிட்டது. 2022 அக்டோபர் 7 விதிகளோ சீனா முழுவதையும் குறிவைத்தன.

கேள்வி: அப்படியும் 2023இல் ஹுவாவே 7 நானோமீட்டர் என்ற மேம்பட்ட தரச் சிப்போடு போன் விட்டதே அண்ணா, அப்போ தடை தோல்விதானே?

பாதி சரி. அந்த மேட் 60 ப்ரோ போனின் சிப்பை, சீனச் சிப் நிறுவனமான எஸ்எம்ஐசி, ஒளியால் சிப்பில் கோடு வரையும் பழைய தலைமுறை டியுவி எந்திரங்களைக் கொண்டே, ஒரே அடுக்கில் பலமுறை ஒளி பாய்ச்சி எடுத்தது. வேலை நடக்கும். ஆனால் படிகள் கூடக்கூட, பழுதாகும் சிப்பும் செலவும் கூடும். இந்தச் சுற்றுவழி வேண்டாமென்றால் இன்னும் நுண்ணிய கோடு வரையும் புதிய தலைமுறை ஈயுவி எந்திரம் வேண்டும். அதை விற்பது உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும். சீனாவுக்கு அதை விற்க அந்த நிறுவனத்துக்கு உரிமம் கிடைக்கவே இல்லை. ஆக, கிடைத்தது சில ஆண்டுத் தாமதம் என்பது என் கணக்கு. அதற்கும் ஒரு விலை உண்டு: முன்பு வெளிநாட்டு எந்திரமே போதும் என்றிருந்த சீன ஆலைகள், இப்போது உள்நாட்டு எந்திரத்துக்கு வாய்ப்புக் கொடுக்கின்றன.

கேள்வி: அமெரிக்கச் சிப் நிறுவனம் என்விடியா மட்டும் சீனாவுக்கு எப்படி விற்றுக்கொண்டே இருந்தது?

அதன் ஏஐ சிப்புகளான ஏ100, எச்100 தடுக்கப்பட்டதும், சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு வேகத்தைக் குறைத்து ஏ800, எச்800 வந்தன. 2023 அக்டோபரில் அவையும் அடைபட, எச்20 வந்தது. விதியில் ஓர் எண்ணை எழுதினால் அதற்கு மயிரிழை கீழே ஒரு பொருள் பிறக்கும்!

கேள்வி: பனிப்போரிலும் இப்படி இருந்ததா?

இருந்தது. 1949 முதல் 1994 வரை கோகாம், அதாவது சோவியத் அணிக்குத் தொழில்நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகள் வைத்திருந்த குழு. அதிலும் ஓட்டைதான், ஜப்பானின் தோஷிபாவின் துணை நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பல் விசிறி கடையும் எந்திரங்களை சோவியத்துக்கு விற்றது 1987இல் வெடித்தது.

கேள்வி: சீனா சும்மாவா இருக்கிறது?

2023 ஆகஸ்டில், சிப் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களும் அவற்றாலான காந்தங்களும் சேர்ந்தன. காந்தம் வராமல் சில வாரங்களிலேயே கார் ஆலைகள் தடுமாறின. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். ஆளுக்குச் சில விதிகளை ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். பாதுகாப்பு விஷயம், பேரத்துக்கு இல்லை என்று சொல்லிவந்தவர்கள்தான்.